லயத்துக்கு மேலே மலை வெட்டப்படுகிறது: காணி உறுதி இல்லாதவர் ஆட்சேபிக்க முடியாதா?

கேள்வி: கீழ்ப்பிரிவு வாசி

வணக்கம். நுவரெலியா மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பிரதான வீதியை ஒட்டிய சிறு நகரமொன்றுக்குச் சற்றுக் கீழே உள்ள தோட்டப் பிரிவொன்றில் எங்கள் குடும்பம் பல தலைமுறைகளாக வசித்து வருகிறது. எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) நேர் மேலே, வீதிக்கும் தோட்ட எல்லைக்கும் இடையிலுள்ள தனியார் காணியில், சில மாதங்களாகப் பெக்கோ இயந்திரம் கொண்டு மலையைப் படிப்படியாக வெட்டிச் சமப்படுத்தி வருகிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட அறைகளுடன் சுற்றுலா ஹோட்டல் ஒன்று அங்கு வரவிருக்கிறதாம். வெட்டிய மண்ணை ஏற்றிச் செல்லாமல் சரிவிலேயே தள்ளிவிட்டதால், மேல்மலை நீரை ஓடைக்குக் கொண்டுசென்ற பழைய கான் ஏறத்தாழ மூடப்பட்டுவிட்டது. மாலை மழை பெய்தால் சேற்றுநீர் கடைசி வீடுகளின் பின்வாசல் வழியாக இறங்குகிறது.

பிரதேச சபையில் விசாரித்தபோது, அந்தக் காணி நகர அபிவிருத்தித் திட்ட வரைவில் சுற்றுலா வலயமாகக் குறிக்கப்பட்டுள்ளது என்றும், கட்டட அனுமதி முறைப்படி வழங்கப்பட்டுவிட்டது என்றும், நாங்கள் காணி உரிமையாளர்கள் அல்லர் என்பதால் முறைப்பாடு செய்வதாயின் தோட்ட நிர்வாகமே செய்யவேண்டும் என்றும் ஓர் உத்தியோகத்தர் கூறினார். தோட்ட அலுவலகத்தில் கேட்டால், அது எங்கள் எல்லைக்கு வெளியே நடப்பது, எங்களால் தலையிட முடியாது என்கிறார்கள்.

ஹோட்டலே வரக்கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு அன்று. பிரிவிலுள்ள இளைஞர்கள் சிலருக்கு அங்கு வேலையும் கிடைக்கக்கூடும். நாங்கள் அறிய விரும்புவது, காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாதவர்களுக்கு இத்தகைய தீர்மானமொன்றை ஆட்சேபிக்கும் உரிமை சட்டப்படி உண்டா என்பதும், சுற்றுலா வலயம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டிவிட்டால் அந்தச் சரிவில் எதையும் எப்படியும் கட்டலாமா என்பதும்தான். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பதில்: ஓய்வுபெற்ற வரைபடக்காரர்

தம்பிக்கு வணக்கம். மலையகத்தின் உள்ளூராட்சி சபைகளில் கட்டட விண்ணப்பங்களைக் கையாளும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆட்சேபனை தெரிவிப்பதற்குக் காணி உறுதி தேவையில்லை. உரித்துக்காக வழக்காடுபவருக்குத்தான் உறுதி வேண்டும். மேலே வெட்டப்படும் மண் தன் கூரைமேல் இறங்கக்கூடும் என்று சொல்பவருக்கு அங்கே வசிப்பதே போதும். அந்த உத்தியோகத்தர் தீய நோக்கத்துடன் உங்களைத் திருப்பி அனுப்பினார் என்று நான் கருதவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டபோதும், தோட்டத்தார் என்றால் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) போகட்டும் என்ற பழக்கம் அலுவலக மேசைகளை விட்டு இன்னும் முற்றாக அகலவில்லை.

இனி வலயத்தைப் பற்றி. உங்கள் பகுதி 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பிரதேசமாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தால், சபை அனுமதி வழங்குவது அந்த அதிகார சபை கையளித்த அதிகாரத்தின்படியேயாகும். 2021ஆம் ஆண்டு வெளியான திட்டமிடல் மற்றும் அபிவிருத்தி ஒழுங்குவிதிகளே அப்போது பொருந்தும். பிரகடனப்படுத்தப்படாத பகுதியாயின், 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. எந்தச் சட்டத்தின் கீழ் அனுமதி கொடுத்தீர்கள் என்பதே சபையிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதற் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால், பொறுப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அவர் 'வரைவு' என்று கூறியதைக் கவனித்தீர்களா? அபிவிருத்தித் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு 60 நாட்கள் வைக்கப்பட்டு, ஆட்சேபனைகளும் ஆலோசனைகளும் பெறப்பட்டு, அமைச்சரின் அங்கீகாரத்துடன் வர்த்தமானியில் வெளிவந்த பின்னரே அது கட்டுப்படுத்தும் திட்டமாகிறது. அந்த 60 நாட்களுக்குரிய அறிவித்தல் பத்திரிகையின் ஒரு மூலையில் வெளியாகும். தோட்டப் பிரிவொன்றில் அதைக் கண்டு வரைபடம் பார்க்கப் போனவரை நான் என் பணிக்காலத்தில் சந்தித்ததே இல்லை. ஆயினும் வலயத்தின் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்குரிய வேளை அதுதான். கட்டட விண்ணப்பம் தனியாக வரும்போது அயலவரைக் கூப்பிட்டுக் கேட்பது பொதுவாக நடப்பதில்லை.

ஆனால் உங்கள் பிரச்சினையைத் தீர்மானிக்கப்போவது வலய வரைபடம் அன்று, மண்சரிவு வரைபடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் தொடங்கிய மண்சரிவு இடர்வலய வரைபடப் பணி முதலில் எடுத்துக்கொண்டவையே பதுளை, நுவரெலியா மாவட்டங்கள். அடிப்பாறையின் அமைப்பு, மேல்மண்ணின் ஆழமும் தன்மையும், சரிவின் கோணம், நீரோட்டம், நிலத்தின் உருவம், நிலப் பயன்பாடு ஆகிய ஆறையும் சேர்த்து எடைபோட்டு, மண்சரிவுக்கு வாய்ப்பில்லாத நிலத்திலிருந்து மண்சரிவு பெரும்பாலும் நிகழும் நிலம் வரை நான்கு தரங்களாக அது பிரித்துக் காட்டுகிறது. 2011ஆம் ஆண்டின் சுற்றறிக்கைக்குப் பின்னர், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் உள்ளூராட்சி சபைகள் கட்டடத்துக்கு அனுமதி வழங்குமுன் இந்நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறவேண்டும். ஆகவே, சுற்றுலா வலயம் என்பது அங்கு எவ்வகைப் பயன்பாட்டை அனுமதிக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது; அந்தச் சரிவை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டலாம் என்பதற்கான அனுமதி அதற்குள் அடங்கியிருப்பதாக யாரும் வாதாட முடியாது.

அந்த நிறுவனத்தின் அறிக்கை 'கட்டலாம்' அல்லது 'கட்டக்கூடாது' என்ற ஒற்றைச் சொல்லாகப் பெரும்பாலும் வருவதில்லை, நிபந்தனைகளோடு வரும். வெட்டும் முகத்தின் உயரம் இவ்வளவைத் தாண்டக்கூடாது, தாங்குசுவர் இன்ன வகையில் அமைந்து அதன் பின்பக்கம் நீர் வடிவதற்குத் துளைகளும் சல்லிப் படுகையும் இருக்கவேண்டும், மேற்பரப்பு நீர் சீமெந்துக் கான் வழியாக இயற்கை ஓடைவரை கொண்டுசெல்லப்படவேண்டும், வெட்டிய மண்ணைச் சரிவில் கொட்டக்கூடாது, மழைக்காலத்தில் மண் வேலை செய்யக்கூடாது என்பன போன்றவை அவை. நிபந்தனைகள் கோப்புக்குள் இருக்கும், பெக்கோ ஓட்டுநரிடம் யாரும் அவற்றைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரும்பாலான அனுமதிகள் கெட்டுப்போவது இங்கேதான். நீங்கள் விவரித்த மூடப்பட்ட கானும் கொட்டப்பட்ட மண்ணும் ஏதோவொரு நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது என்பதற்கு வலுவான அறிகுறிகள். எனவே, ஹோட்டல் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் போகாமல், மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கையையும், சபை வழங்கிய அனுமதிப்பத்திரத்தையும், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் கேளுங்கள்.

கேட்பதற்கு வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். அதன் கீழ் விண்ணப்பிக்கக் குடியுரிமை ஒன்றே தகுதி. உறுதியும் வேண்டாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்லவேண்டாம். (1948இல் பறிக்கப்பட்டு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை மலையகத் தமிழரான நம்மவரில் பலர் காத்திருந்து பெற்ற குடியுரிமைக்கு இப்படியொரு பயனும் உண்டு.) தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். மூன்றாம் தரப்பினரின் ஆவணம் என்று மறுத்தால், உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த பொதுநலன் மேலோங்கி நிற்கிறது எனக் குறிப்பிட்டு, 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின்னர் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு கேட்கலாமே என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். ஹோட்டல்களைப் பொறுத்தவரை அது பொதுவாக 99 அறைகளைத் தாண்டும் திட்டங்களுக்கே கட்டாயம். அறை எண்ணிக்கையை மட்டும் கொண்டு பார்த்தால் இருபது சொச்சம் அறைகள் கொண்ட ஹோட்டல் அதற்குள் வராது. அந்த வழியை மட்டும் நம்பிக் காலத்தை வீணாக்காதீர்கள்.

பதில்: வீதியோர வியாபாரி

மேலே ஐயா எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்லவேண்டும்.

எங்கள் நகரங்களில் கட்டுவதற்கு மட்டமான நிலம் எங்கே இருக்கிறது? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் தோட்டக் காணிகள் அரசிடம் போயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது, குத்தகை 53 ஆண்டுகளுக்கு. நகரத்தைச் சுற்றியுள்ள நல்ல நிலமெல்லாம் 2045 வரை அந்த எல்லைக்கற்களுக்குள் அடங்கியிருக்க, வீதிக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய துண்டு மட்டுமே நகரத்தவனுக்கு மிஞ்சியது. வீதியிலிருந்து பார்த்தால் ஒற்றைமாடிக் கடை, பின்னால் போய்ப் பார்த்தால் கொங்கிரீட் தூண்களின்மேல் கீழ்நோக்கி இறங்கும் மூன்று மாடிகள் என்று மலையகம் எங்கும் கட்டடங்கள் நிற்பது, எங்களுக்குச் சரிவின்மேல் உள்ள ஆசையினால் அன்று.

விண்ணப்பம் போட்டு, அறிக்கை பெற்று, கட்டணம் கட்டி, சபையின் திட்டமிடல் குழு கூடும்வரை காத்திருப்பவன் கேள்விக்குள்ளாகிறான். நீண்ட விடுமுறை வரும்வரை பொறுத்திருந்து இரவோடு இரவாகத் தூண் எழுப்புபவனிடம் யாரும் அறிக்கை கேட்பதில்லை. கீழ்ப்பிரிவு வாசி சொல்லும் ஹோட்டல்காரர் அனுமதி பெற்றவர் என்றாவது தெரிகிறது. நிபந்தனைகளை மீறியிருந்தால் அவற்றை நிறைவேற்றச் செய்யுங்கள். வேலையை முழுவதுமாக நிறுத்தினால், அரைகுறையாக வெட்டிய மலை அப்படியே மழையில் நிற்கும். அதுவே எல்லாவற்றையும்விட ஆபத்து.

இன்னொன்று: லயங்களை அந்த இடத்தில் கட்டியவர்கள் யார்? தேயிலைக்கு உதவாத இடத்தைத் தேடி, ஓடைக்கரையிலும் சரிவின் அடியிலும் ஆட்களைக் குடிவைத்தவர்கள் தோட்ட நிர்வாகங்கள்தான். மேலே ஹோட்டல் வராவிட்டாலும் அந்த லயம் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது என்று யார் சொன்னது?

பதில்: ஊவாவிலிருந்து

வியாபாரி அண்ணன் கடைசியாகக் கேட்டதற்குப் பதில் எங்கள் பதுளை மாவட்டத்தில் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மேலே ஹோட்டல் ஏதும் இருக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு நிலமும் வீடும் தரப்படாத மக்களுக்கு அந்த எச்சரிக்கை என்ன பயனைத் தந்திருக்கும்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மீண்டும் அதையே கண்டோம். ஆகவே நிலப் பயன்பாட்டுத் தீர்மானம் என்பது ஹோட்டல் காணியின் நிறத்தோடு முடியக்கூடாது. கீழே இருப்பவர்களை எங்கே குடியமர்த்துவது, அதற்குத் தோட்டக் காணியில் எந்தத் துண்டை விடுவிப்பது என்பதும் அதே வரைபடத்தில் இருக்கவேண்டும். ஏழு பேர்ச் அளவுள்ள சிறு காணிகளில் அமையும் தோட்ட வீட்டுத்திட்டங்களுக்கே மண்சரிவுப் பரிந்துரை பெற்ற இடம் தேடி அலையவேண்டியிருக்கும் நிலையில், பாதுகாப்பான மட்ட நிலத்தில் தேயிலையும் ஆபத்தான சரிவில் மனிதரும் இருப்பதைத் திட்டம் வரைபவர்கள் இயல்பானதாக எடுத்துக்கொள்வது எனக்கு விளங்கவில்லை.

கரையோரத்தவர்களோடு ஒப்பிட்டால் நம் நிலைமை ஒரு விதத்தில் கடினமானது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் ஒருவர் ஹோட்டல் கட்டினால், சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும் என்று மீனவர் ஒருவர் நாடா பிடித்து அளந்தே வாதாடலாம். மலைச்சரிவில் அப்படி எவரும் அளந்து காட்டக்கூடிய ஒற்றைக் கோடு இல்லை. ஒரே மலையில் ஐம்பதடி தள்ளினால் மண்ணின் ஆழம் மாறும், நீர் ஓடும் திசை மாறும். அதனால்தான் நாம் ஒவ்வொரு இடத்துக்குமான அறிக்கையையே நம்பியிருக்கிறோம்; அது மக்கள் கண்ணில் படாத கோப்பாக இருக்கும்வரை அந்த நம்பிக்கையில் பொருளில்லை.

கேள்வி கேட்டவர்: கீழ்ப்பிரிவு வாசி

அனைவருக்கும் நன்றி. தகவல் விண்ணப்பத்தை இந்த வாரமே கையளிக்கிறோம். வியாபாரி அண்ணன் கூறியது எங்களுக்கும் புரிகிறது. வெட்டிய முகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவதை நாங்களும் விரும்பவில்லை. ஆனால் 14 வேலை நாட்கள் என்பது எங்கள் மழைக்கு நீண்ட காலம். அதற்கிடையில் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? மூடப்பட்ட கானை நாங்களே வெட்டித் திறந்துவிடலாம் என்று பிரிவில் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வரைபடக்காரர்

கானை நீங்களாக வெட்டித் திறக்காதீர்கள். கான்வெட்டுத் தெரிந்தவர்கள் உங்கள் பிரிவில் இருப்பார்கள் என்பதை அறிவேன். ஆயினும் தளர்வாகக் கொட்டிய மண்ணுக்கு அடியில் கைவைத்தால், தேங்கியிருக்கும் நீரும் மண்ணும் ஒன்றாக வெளியேறக்கூடும். மேலும் அடுத்தவர் காணிக்குள் போய் வெட்டினீர்கள் என்று உங்கள்மீதே முறைப்பாடு திரும்பும்.

தகவல் விண்ணப்பத்துக்குக் காத்திராமல், நுவரெலியாவிலுள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு, இடத்தை வந்து பார்வையிடுமாறு கோரி ஒரு கடிதம் எழுதுங்கள். அதன் பிரதிகள் பிரதேச செயலாளருக்கும், மாவட்ட அனர்த்த முகாமைத்துவ அலகுக்கும், சபையின் தவிசாளருக்கும் செயலாளருக்கும் போகட்டும். கிராம உத்தியோகத்தரின் ஒப்பம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கடிதம் செல்லும். அனுமதியின் நிபந்தனைகள் மீறப்பட்டால் வேலையை நிறுத்துமாறு அறிவித்தல் கொடுக்கவும், பணியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தை நாடவும் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவு இடமளிக்கிறது. சபை அசையாவிட்டால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவானிடம் கட்டளை கேட்கலாம். சட்டத்தரணி ஒருவர் துணையோடு செய்யவேண்டிய காரியம் அது. முழுத் தடை கேட்கத் தேவையில்லை. கானைச் சீர்செய்து, கொட்டிய மண்ணை அகற்றி, வெட்டிய முகத்துக்குத் தாங்குசுவர் எழுப்பும்வரை வேறு வேலை நடக்கக்கூடாது என்று கேளுங்கள். வியாபாரித் தம்பியின் கவலைக்கும் அதில் இடமிருக்கிறது.

தோட்ட நிர்வாகத்துக்கும் தனிக் கடிதம் அவசியம். மேலே நடப்பது அவர்கள் எல்லைக்கு வெளியே என்றாலும், நீர் இறங்குவது அவர்கள் குத்தகைக் காணிக்குள், அவர்கள் பதிவிலுள்ள லயத்தின்மீது. மழைக்காலத்தில் அந்தக் கடைசி வீடுகளிலுள்ளவர்கள் தங்குவதற்கு வேறு இடம் எது என்று கடிதத்தில் நேரடியாகக் கேளுங்கள்.

இதற்கிடையில் அவதானிக்க வேண்டியவை: தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, கதவு திடீரென இறுகுதல், மரம் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், தெளிந்த ஊற்றுநீர் கலங்குதல். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்கவேண்டும், 100 என்றால் புறப்பட ஆயத்தமாக வேண்டும், 150 என்றால் வெளியேறிவிட வேண்டும். தோட்டங்களில் மழைமானி இருக்கும். அன்றாட அளவை அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் அளவைப் பார்த்துக்கொண்டிராமல் வெளியேறுங்கள்.

கடிதங்கள் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம். தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பின்படி உரிமையுண்டு. மொழிபெயர்ப்பு கொண்டுவரச் சொன்னால் அதற்கு இணங்கவேண்டியதில்லை. திகதியிட்ட புகைப்படங்களை இணைத்து, ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் கிடைத்ததற்கான முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும், அதிலுள்ள நிபந்தனைகளை இங்கே பதிவிட்டால், எவை மீறப்பட்டுள்ளன என்று பார்த்துச் சொல்கிறேன்.